கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கொட்டகை

முதல் நாள், வியாழன், பிப்ரவரி 5, 2026

பொள்ளாச்சியில் பாலக்காடு பஸ் ஏறும்போது மணி மூன்று. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான். தென்னந்தோப்பு அப்படியே தொடர்கிறது, பேச்சும் அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கண்டக்டரிடம் தமிழில் மீதிச் சில்லறை கேட்டார். அவர் மலையாளத்தில் பதில் சொல்லிக்கொண்டே கொடுத்தார். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தச் சித்தூர் தாலுகாவில்தான். உடுமலைக்காரனான எனக்குக் கொழிஞ்சாம்பாறை வரும்போதெல்லாம் வேறு மாநிலத்துக்கு வந்த நினைப்பே வருவதில்லை.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊர் இது. அவர் மகன், என் அண்ணன், பத்துப் பதினைந்து பேரோடு சேர்ந்து ஒரு பிலிம் சொசைட்டி நடத்துகிறார். வழக்கமாகப் பள்ளிக்கூட ஹாலில் மாதம் ஒரு படம். போன வாரம் போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் ஆஸ்கர் பட்டியல்ல இருக்கற படத்துல மூணு போடறோம். பள்ளிக்கூடத்துல இல்ல. நம்ம கொட்டகையில." கொட்டகை என்றதும் மறுபேச்சு பேசாமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விருது விழா மார்ச் 15. பட்டியல் ஜனவரி 22 அன்று வந்தது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஐந்தில் மூன்றை அண்ணன் குழு எடுத்திருக்கிறது. ஈரானிய இயக்குநர் ஜாபர் பனாஹியின் 'இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்', பிரேசிலின் 'தி சீக்ரெட் ஏஜென்ட்', நார்வேயின் 'சென்டிமென்டல் வேல்யூ'. நம் நீரஜ் கேவானின் 'ஹோம்பவுண்ட்' 15 படப் பட்டியல் வரை போய், ஐந்துக்குள் வராமல் நின்றுவிட்டது. அண்ணனுக்கு அது இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான்.

கொட்டகையின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். முதலாளி வீட்டில் இடத்தை விற்கப் பேச்சு நடக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சாலையில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மலையாளத்திலும் இதைக் 'கொட்டக' என்றுதான் சொல்கிறார்கள். ஊரில் யாரும் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

பையைப் பெரியம்மா வீட்டில் வைத்த கையோடு அங்கே போனேன். "காப்பி குடிக்காமப் போறியா கண்ணு? கொட்டகை எங்கயும் ஓடீராது" என்று பெரியம்மா திண்ணையிலிருந்து சத்தம் போட்டார்.

ஓட்டுக் கூரை. முன்பக்கம் மட்டும் சிமெண்டில் அரைவட்ட முகப்பு. இடது பக்கம் தமிழிலும் வலது பக்கம் மலையாளத்திலும் பெயர். மேட்டில் தனியாக நிற்பதால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து முகப்பில் மோதுகிறது. இந்த மாதங்களில் இங்கே காற்று ஓய்வதே இல்லை. டிக்கெட் கொடுக்கும் ஓட்டை இரண்டு. ஒன்றின் மேல் 'பெஞ்சு' என்றும் இன்னொன்றின் மேல் 'சேர்' என்றும் நீலப் பெயின்டில் எழுதியிருக்கிறது. பெஞ்சு ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கீழ் விளிம்பில் சிமெண்டு தேய்ந்து, அம்மிக்கல் மாதிரி வழவழவென்று ஒரு பள்ளம். மணிக்கட்டு வந்து உட்காரும் இடம் அது. சேர் ஓட்டையில் அந்தப் பள்ளம் இல்லை, விளிம்பு இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. இந்த ஊர் எங்கே உட்கார்ந்து படம் பார்த்தது என்று இதைவிட யாரும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

நான் முதன்முதலில் படம் பார்த்த எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொட்டகை கல்யாண மண்டபமாகிவிட்டது. இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்கு அங்கே போய், பந்தியில் உட்கார்ந்து, திரை இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள், வெள்ளி, பிப்ரவரி 6

காலை பத்து மணிக்கே படம் ஓட்டும் கேபினுக்குப் போய்விட்டேன். இரும்பு ஏணிப்படி, ஆள் குனிந்து நுழையும் கதவு.

ஆபரேட்டரண்ணனுக்கு வயது 72. சின்னப் பிள்ளைகளுக்கும் அவர் ஆபரேட்டரண்ணன்தான். 16 வயதில் படப்பெட்டி தூக்க வந்தவர். அப்போது ஒரு பிரிண்டை இரண்டு கொட்டகை பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே ஓடி முடிந்த ரீல்களைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு இங்கே வர வேண்டும். வழியில் பஞ்சர் ஆனால் இங்கே இடைவேளை நீளும். சி கிளாஸ் கொட்டகை என்பதால் நகரத்தில் ஓடி ஓய்ந்த பிரிண்டுதான் வரும். கீறல் விழுந்து, படம் முழுக்க மழை பெய்யும். "மழை பேஞ்சா என்னங்க தம்பி, சனம் நனையறதுக்குத்தான வந்துது?" என்றார்.

போட்டோபோன் கம்பெனி மிஷின் இரண்டு அருகருகே நிற்கின்றன. பச்சைப் பெயின்ட் உரிந்திருக்கிறது, ஆனால் பல்சக்கரங்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. படம் ஓடி வருடக்கணக்காகிவிட்டது. 2010க்குப் பிறகு எல்லாக் கொட்டகையும் டிஜிட்டலுக்கு மாறியபோது இவர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. அப்புறம் பிரிண்டு போடுவதே நின்றுபோனது. ஆனாலும் மாதம் ஒரு தடவை வந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போகிறார். சம்பளம் கிடையாது.

எதற்கு இரண்டு மிஷின் என்று கேட்டேன். தெரிந்த விஷயம்தான், அவர் வாயால் கேட்க ஆசை. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிறது. விநாடிக்கு 24 கட்டம் (ஃபிரேம்). ஆயிரம் அடி ரீல் என்றால் 11 நிமிடம். ஒன்றில் ரீல் முடியும்போது மற்றதில் தொடங்க வேண்டும், பார்ப்பவனுக்குத் தெரியக் கூடாது. "மேல வலது மூலையில ஒரு பொட்டு வரும். கண்ணச் சிமிட்டுனாப் போச்சு. அது வந்ததும் அடுத்த மிஷின ஓட விடணும். ஏழு விநாடி கழிச்சு இன்னொரு பொட்டு. அப்ப மாத்திப் போடணும்." படம் பார்த்த அத்தனை வருடமும் கதாநாயகன் முகத்தைவிட அந்த மூலையைத்தான் அதிகம் பார்த்திருப்பேன் என்கிறார்.

அப்புறம் கார்பன். விளக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். எதிரும் புதிருமாக இரண்டு குச்சி பொருத்தும் இடம், பின்னால் குழிந்த கண்ணாடி. குச்சிகளை ஒன்றோடொன்று முட்டவிட்டுக் கொஞ்சம் விலக்கினால் நடுவில் வெள்ளையாகத் தீப்பிடித்து நிற்கும். அந்த வெளிச்சத்தில்தான் படம். எரிய எரிய குச்சி தேயும், இடைவெளி கூடும், திரையில் மஞ்சள் தட்டும். மூன்று மணி நேரமும் ஒரு கை திருகிலேயே இருக்க வேண்டும். அவருடைய வலது ஆள்காட்டி விரல் நுனியில் ரேகை இல்லை. ரேஷன் கடை மிஷினில் அந்த விரல் விழுவதே இல்லையாம், நடுவிரலைத்தான் வைப்பாராம்.

சின்ன வயதில் கொட்டகைக்குப் பின்னால் பொறுக்கிய பிலிம் துண்டை வைத்து நாங்கள் வீட்டுக்குள் படம் ஓட்டியிருக்கிறோம். ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி லென்ஸ், முகம் பார்க்கும் கண்ணாடியில் பிடித்த வெயில், சுவரில் பெரியம்மாவின் வெள்ளைச் சேலை. அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தத் துண்டெல்லாம் நான் அறுத்துப் போட்டதுதாங்க. அறுந்த எடத்துல ரெண்டு கட்டம் வெட்டிட்டு ஒட்டணும்ல." எங்கள் ஊரில் வேறு ஒருவர் வெட்டியது. ஆனால் அப்போது எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

இரவு ஏழு மணிக்குப் படம். டிக்கெட் இல்லை, வாசலில் ஒரு தகர டப்பா. இந்தப் பழக்கத்துக்கு இங்கே பெரிய வேர் இருக்கிறது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் ஒடேசா என்று ஒரு கூட்டம் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் கை நீட்டி வாங்கிய காசில் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். படம் 1986இல் வந்தது. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவரும் இதே ஜான்தான். பெரியப்பா அந்த வசூலுக்குப் பத்து ரூபாய் கொடுத்தாராம். பெரியம்மா அதை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார்.

திரைக்கு முன்னால் டிஜிட்டல் புரொஜெக்டரை மேசை போட்டு வைத்திருந்தார்கள். எழுபது பேர் இருப்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கதைச் சுருக்கத்தை முதலில் தமிழிலும் பிறகு மலையாளத்திலும் வாசித்தார். ஆங்கில சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்காக. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரியம்மா முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டார்.

பனாஹியின் படம் ஒரு சத்தத்தில் தொடங்கி ஒரு சத்தத்தில் நிற்கிறது. சிறையில் கண்ணைக் கட்டி வதைக்கப்பட்ட ஒரு மெக்கானிக், பல வருடம் கழித்து ஒரு செயற்கைக் கால் நடக்கும் கிரீச்சொலியைக் கேட்கிறார். அடித்தவன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை, காதில் அந்த ஒலி மட்டும்தான் இருக்கிறது. இவன்தானா, வேறு யாரோவா? ஆளைப் பிடித்து வேனில் போட்டுக்கொண்டு, தன்னைப் போலச் சிறையில் கிடந்தவர்களைத் தேடிப் போகிறார். அதில் ஒருத்தி வெள்ளைக் கல்யாண உடுப்போடு, மாப்பிள்ளையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் மணப்பெண். அனுமதி வாங்காமல் மறைவாக எடுத்த படம் இது. போன வருடம் கேன் விழாவில் தங்கப் பனை வாங்கியது. கேன், வெனிஸ், பெர்லின் மூன்றின் உச்ச விருதும் பனாஹியிடம் இருக்கின்றன. டிசம்பரில் அவருக்கு அவர் நாட்டில் மறுபடியும் ஓராண்டுச் சிறைத் தண்டனை அறிவித்திருக்கிறார்கள்.

படம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் எனக்குப் பதைப்பாகிவிட்டது. சுவர் ஃபேன்கள் ஆறும் கடகடவென்று ஓடுகின்றன, அந்தக் காலடி ஒலி கேட்கவில்லை. அது கேட்காவிட்டால் இந்தப் படமே இல்லை. எழுந்து போய் அண்ணன் காதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து ஒவ்வொரு ஃபேனாக நின்றது. ஆபரேட்டரண்ணன் சுவிட்சுப் பலகை அருகில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை பார்சி தெரியாது, சப்டைட்டிலும் படிக்க மாட்டார். ஆனால் படத்துக்கு எது வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் வேர்த்து ஒழுக ஒழுகப் பார்த்தோம். நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. இருட்டில் ஒருவர் கூட எழுந்து போகவில்லை. "அவந்தான்" என்று ஒரு குரல், "இல்ல, இருக்காது" என்று இன்னொரு குரல். படத்தில் வேனுக்குள் நடக்கும் சண்டை இங்கே பெஞ்சுகளுக்கு இடையில் நடந்துகொண்டிருந்தது.

கடைசிக் காட்சியைப் பற்றி எழுத மாட்டேன். ஃபேன் ஓடாத இடத்தில் பாருங்கள், அது போதும்.

மூன்றாம் நாள், சனி, பிப்ரவரி 7

காலையில் அண்ணன் பைக்கில் வடவனூர் போய் வந்தோம். எம்.ஜி.ஆரின் அம்மா சத்யபாமாவின் ஊர். வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். இலங்கையில் நாவலப்பிட்டியில் பிறந்த பிள்ளை, தகப்பன் போனபின் வந்து சேர்ந்த இடம். சின்ன வீடு, குளிர்ந்த தரை. ஒரு பெரியவர் செருப்பை வாசலுக்கு வெகு தூரத்திலேயே கழற்றிவிட்டு நடந்து வந்தார். எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளியும் இதே சுற்றுவட்டாரம்தான். அவர்கள் இங்கிருந்து தமிழ் சினிமாவுக்குப் போனார்கள், அங்கிருந்தும் ஒன்று இங்கே வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்', 1938இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எடுத்தது. முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு', 1961இல், அதுவும் அவருடையதே. அந்த ஸ்டூடியோவில் இன்று ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது.

மதியம் சாப்பிட்டதும் மறுபடி கேபின். இன்று கேள்வி கேட்டது ஆபரேட்டரண்ணன்.

"இப்பவும் பிலிம்ல எடுக்கறாங்களா தம்பி?"

எடுக்கிறார்கள் என்றேன். இந்த வருடம் 16 பிரிவுகளில் பரிந்துரை பெற்று, ஆஸ்கர் வரலாற்றிலேயே அதிகம் என்று பெயர் வாங்கிய 'சின்னர்ஸ்' 65 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்ததுதான். 13 பரிந்துரை வாங்கிய 'ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்' விஸ்டாவிஷன் என்ற பழைய முறையில் எடுத்தது. அதைச் சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். விஸ்டாவிஷனில் பிலிம் மேலிருந்து கீழே ஓடாமல் படுக்கைவாட்டில் ஓடும், ஒரு கட்டத்துக்கு ஓரத்தில் எட்டு ஓட்டை என்றேன்.

"எட்டா? நமக்கு நாலுதான?"

ஆமாம். அதே 35 மில்லிமீட்டர் பிலிம்தான், கட்டம் மட்டும் இரண்டு மடங்கு. அவர் அலமாரியிலிருந்து ஒரு பிலிம் துண்டை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே படுக்கப் பிடித்து, ஓட்டைகளை விரலால் எண்ணிப் பார்த்தார். எட்டு வந்த இடத்தில் நகத்தை வைத்துக்கொண்டு அந்த அகலத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தன பெருசு இருந்தா மழையே பேயாது" என்றார். அந்தப் படத்தை அந்த முறையிலேயே திரையிட முடிந்தது உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய கொட்டகைகளில்தான் என்றபோது, அங்கே ஓட்டுகிறவர் யார், வயது என்ன இருக்கும் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரவு 'தி சீக்ரெட் ஏஜென்ட்'. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். படம் பார்க்காதவர்கள் அடுத்த நாளுக்குப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன்.

இயக்குநர் கிளேபர் மென்டோன்சா ஃபில்யோ, ரெசிஃபே நகரத்துக்காரர். அந்த ஊரின் பழைய கொட்டகைகளைப் பற்றியே 2023இல் ஒரு ஆவணப்படம் எடுத்தவர். இந்தப் படத்துக்குக் கேனில் சிறந்த இயக்குநர், அதன் நாயகன் வாக்னர் மவுராவுக்குச் சிறந்த நடிகர். ஆஸ்கரில் நான்கு பரிந்துரை. டீச்சர் கதைச் சுருக்கம் வாசிக்கும் முன் ஒன்று சொன்னார். "இது போர்ச்சுகீசிய மொழிப் படம். நம்ம ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, மேஸ்திரி எல்லாம் அந்த மொழிதான் கொடுத்தது. காதைத் தீட்டி வெச்சுக்கோங்க." மலையாளத்தில் சொன்னபோது மலையாளச் சொற்களையும் சேர்த்துச் சொன்னார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

1977, பிரேசிலில் ராணுவ ஆட்சி, ரெசிஃபேயில் கார்னிவல் நேரம். உயிருக்குப் பயந்து பெயர் மாற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கும் ஒருவர், தன் சின்ன மகனை அழைத்துப்போக நினைக்கிறார். மனைவி இறந்துவிட்டார், பையன் அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் வளர்கிறான். அந்தத் தாத்தா ஒரு சினிமா ஆபரேட்டர்.

கேபின் திரையில் வந்தபோது கொட்டகையில் ஒரு சலசலப்பு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆபரேட்டரண்ணன் எப்போதும்போல் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அப்புறம் நான் பார்த்தபோது நடுவில் ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தில் இருந்தும், பெஞ்சில் உட்கார்ந்து அவர் முழுப்படம் பார்த்ததே இல்லை என்று அண்ணன் பிறகு சொன்னார். அந்தக் கேபின் 1952இல் திறந்த சாவோ லூயிஸ் கொட்டகையில் எடுத்தது. இன்றும் ரெசிஃபேயில் அந்தக் கொட்டகை இருக்கிறது.

பையனுக்கு அந்த வருடம் ஊரே பேசும் சுறாமீன் படத்தைப் பார்க்க வேண்டும். வயது பத்தாது என்கிறார்கள். அவன் சுறாவை வரைந்து வரைந்து தள்ளுகிறான், கனவில் கண்டு அலறுகிறான். தகப்பனைக் கொல்ல ஆள் தேடுகிறார்கள், தெருவில் மேளம் அடித்து ஆடுகிறார்கள், பையனுக்குச் சுறாமீன்தான் கவலை. இந்த மூன்றையும் ஒரே துணியில் நெய்திருக்கிறார் இயக்குநர். எனக்கு இதில் ஒரு குறை உண்டு, நடுவில் சில கிளைக்கதைகள் நீண்டுவிடுகின்றன. முன் பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிப்போனார்கள். ஆனால் நாயகன் டேப்பில் தன் கதையைப் பதிவு செய்யும் காட்சியில் நீளம் தெரியவே இல்லை.

வெளியே காற்று ஏறியிருந்தது. ஓட்டுச் சந்து வழியாக உள்ளே வந்து திரைத் துணியை லேசாக உப்பவைத்து விட்டது. ரெசிஃபே தெருக்கள் ஒரு மூச்சு விட்டு அடங்கின. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் படம் இன்றைய நாளுக்கு வருகிறது. அந்தப் பழைய டேப்புகளைக் கேட்டு எழுதும் ஒரு மாணவி, வளர்ந்து டாக்டராகிவிட்ட அந்த மகனைத் தேடி வருகிறாள். வாக்னர் மவுராவே அந்த மகனாகவும் வருகிறார். அப்பாவைப் பற்றி அவருக்கு அநேகமாக ஒன்றும் நினைவில்லை. ஆனால் தாத்தா சுறாமீன் படத்துக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கெட்ட கனவு நின்றுவிட்டது. அந்தப் படம் பார்த்த கொட்டகை இருந்த இடம்தான் இப்போது அவர் வேலை செய்யும் ரத்த வங்கி.

டீச்சர் அந்த ஒரு வரியை மட்டும் எழுந்து நின்று தமிழில் சொன்னார். "இந்த ரத்த வங்கி முன்னாடி சினிமாக் கொட்டகையா இருந்துது." அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கல்யாண மண்டபச் சுவர் எனக்கு வந்து போனது.

படம் முடிந்து விளக்கு போட்டதும் ஆபரேட்டரண்ணனிடம் போனேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவராகவே பேசினார். "அந்தத் தாத்தன் கார்பன் வெச்சா ஓட்டுனாரு, பல்பு வெச்சா? சரியாக் காட்டல." நானும் கவனிக்கவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க" என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு, பிப்ரவரி 8

எட்டு மணிக்குப் போனபோது அண்ணனும் டீச்சரும் தெருப்பிள்ளைகள் சிலரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். கேபினில் கார்பனுக்குக் கரண்ட் கொடுக்கும் ரெக்டிபையர் உறுமிக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு தகர டப்பா. திறந்ததும் ஊறுகாய் கெட்டுப்போன மாதிரி ஒரு புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. பழைய பிலிம் கெடத் தொடங்கினால் இப்படித்தான் வினிகர் வாடை வரும் என்று படித்திருக்கிறேன், முகர்ந்தது இன்றுதான். கொட்டகையில் மிஞ்சியிருக்கும் ஒரே ரீல். படம் அல்ல. அந்தக் காலத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் கட்டாயமாகப் போட வேண்டிய அரசாங்கச் செய்திச் சுருள். திருப்பி அனுப்பாமல் எப்படியோ தங்கிவிட்டது.

ரீவைண்டரில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இடது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிலிமின் இரு ஓரத்திலும் வைத்திருந்தார். கிழிந்த ஓட்டை வந்தால் விரல் சொல்லும். மூன்று இடத்தில் நிறுத்தினார். பிலிம் சிமெண்ட் வைத்து ஒட்டுவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் குச்சிகளை முட்டவிட்டார். சடசடவென்று பொறி, பிறகு ஒரு சீற்றம், கருப்புக் கண்ணாடி வழியாக அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தேன். "கீழ போங்க, கீழ போங்க. கேபின்ல நின்னா படம் பாக்க முடியாது" என்று விரட்டினார். ஓடிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஏதோ ஒரு அணைக்கட்டு. எந்த ஊர் என்று தெரியவில்லை. ஒலி வாசிக்கும் சின்ன விளக்கு ஃபியூஸ் போய்விட்டதால் சத்தம் இல்லை. வரிசையாகப் பெண்கள் தலையில் சட்டியோடு மண் சுமந்து ஏறுகிறார்கள். ஒருத்தி கேமராவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்து வாயை மறைத்துக்கொள்கிறாள். மழை பெய்கிறது, கீறல் மழை. கேபின் ஓட்டை வழியாக மிஷின் ஓடும் டகடக சத்தம் மட்டும். நாயும் குழந்தையும் உட்பட யாரும் அசையவில்லை. அந்தக் காலத்தில் இந்தச் சுருள் ஓடும்போதுதான் ஆம்பிளைகள் எல்லாம் பீடி பிடிக்க வெளியே போவார்களாம். ஆறேழு நிமிடம் இருக்கும். ஒட்டிய இடம் மூன்றிலும் துள்ளியது, அறுந்துபோகவில்லை. பெண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே ரீல் முடிந்து திரை வெள்ளையானது. அந்த வெள்ளை டிஜிட்டல் வெள்ளை மாதிரி இல்லை. கொஞ்சம் நடுங்குகிறது.

மாலை 'சென்டிமென்டல் வேல்யூ' பார்த்தேன். யோவாகிம் ட்ரியர் படம், ஒன்பது பரிந்துரை. ஆஸ்லோவில் ஒரு பழைய வீடு, அதில் வளர்ந்த அக்காவும் தங்கையும், அந்த வீட்டிலேயே படமெடுக்க வரும் தகப்பன். நடிப்பு அபாரம், நடித்தவர்களில் நான்கு பேருக்குப் பரிந்துரை கொடுத்ததில் தப்பே இல்லை. ஆனால் காலையில் பார்த்த அந்தத் தலைப்பை இழுத்துக்கொண்ட பெண் என் கண்ணைவிட்டுப் போகவில்லை, அதனால் இந்தப் படத்துக்கு நான் நியாயம் செய்யவில்லை. மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தகர டப்பாவில் மூன்று நாளில் சேர்ந்தது ஜெனரேட்டர் டீசலுக்கும் புரொஜெக்டர் வாடகைக்கும் சரியாக இருந்தது. முதலாளியின் மகன் கடைசி நாள் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் அவரிடம் மார்ச்சிலும் மூன்று நாள் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றாராம்.

காலை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குப் பெரியம்மா முறுக்கு கட்டி வைத்திருக்கிறார். இரவு விடைபெறப் போனபோது ஆபரேட்டரண்ணன் கேபினில் மிஷினுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார். கார்பன் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். மரப்பெட்டியைத் திறந்து எண்ணினார். தடித்தது ஐந்து, மெல்லியது நான்கு. நான்கு ஜோடி. "மெல்லுசு கெடச்சா ஒண்ணு பாருங்க தம்பி" என்றார். கோயம்புத்தூரில் பழைய சாமான் கடைகளில் விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யாரிடமாவது வீட்டில் கிடந்தால் எழுதுங்கள்.